நகர்த்தக் கூடாத நாற்காலி

சேலையூர் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றக் கூடாது என்று புஷ்பம் சொன்னபோது, மருமகள் ஈவ்லின் அதை வயசானவர்களின் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டை உள்ளே அழகுபடுத்துவதையே படிப்பாகப் படித்துத் தொழிலாகச் செய்கிறவள். பெங்களூரில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டையெல்லாம், பார்த்தவர்கள் வாய்பிளக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறாள். சொந்த மாமனார் வீட்டு ஷோகேஸின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள்தான் சகித்துக்கொண்டிருப்பாள்?

மகன் ஜாய்சனுக்குச் சிறுசேரிக்கு வேலை மாற்றலாகியிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து இருவரும் இங்கேயே வந்து அப்பா அம்மாவுடன் இருப்பதென்று முடிவு. அந்தச் செய்தி வந்த அன்று புஷ்பம் சந்தோஷத்தில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஒரே பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு வந்து பெட்டியைத் திறந்தும் திறக்காமலும் ஓடிவிடுகிறவன் இனிமேல் இதே கூரையின் கீழ் தூங்குவான் என்றால் சும்மாவா? ஆனால் அந்தச் சந்தோஷம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. அன்றைக்கு ஈவ்லின் லேப்டாப்பும் கையுமாக வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வீட்டை எப்படியெல்லாம் மாற்றப்போகிறோம் என்று அறை அறையாகக் காட்ட ஆரம்பித்தாள்.

"அத்தை, கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கற சுவர எடுத்துடறோம். ஓப்பன் கிச்சன். நீங்க சமைச்சிட்டே எல்லார்கூடவும் பேசலாம்."

"மீன் பொரிச்சா வாடை ஹால் பூரா நிக்கும். சுவரு இருக்கட்டும்."

"சிம்னி போடறோம் அத்தை. வாடையே வராது."

"சிம்னி சத்தம் எனக்கு ஆகாது."

கூட வந்திருந்த காண்டிராக்டர் கேசவன், அளவெடுக்கும் லேசர் கருவியைச் சுவரில் காட்டிச் சிவப்புப் புள்ளியை ஓடவிட்டபடியே தன் பங்குக்குச் சொன்னார்: "இந்த செவுத்த எடுத்துட்டா ஹாலு சும்மா மைதானம் மாரி ஆயிடும்மா. இப்ப இன்னாடான்னா, பொட்டிக்குள்ள பொட்டி வச்ச மாரி கீது."

மைதானம் என்ற சொல்லைக் கேட்டதும் புஷ்பம் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். வேதசிரோமணி ஜன்னலோரத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, லேப்டாப் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று மருமகளிடம் சொன்னார். லேப்டாப் திரையில் அப்போது படம் எதுவும் இல்லை. சார்ஜ் தீர்ந்து கறுத்துப்போயிருந்தது. ஈவ்லின் பையில் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தாள். தலைகுனிந்து தேடியதால் அவள் கவனிக்கவில்லை. புஷ்பம் கவனித்தாள்.

வேதசிரோமணிக்குக் கண் தெரியாது. அதுதான் விஷயம். கண்ணில் நீரழுத்தம் என்று டாக்டர் சொல்லி, ஓரப் பார்வை போய், நடுப் பார்வை சுருங்கி, கடைசியில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியிருந்தன. கிண்டியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். தலைமுடி கனத்தில் கோடு போடுகிறவர் என்று பேரெடுத்தவர். அவர் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்து, "ஒண்ணுமில்ல, ரெண்டு சொட்டு மருந்து" என்று மனைவியிடம் சொன்னதோடு சரி. அதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிட்டயர் ஆகிற வருஷத்தில் கை நடுங்கிய ஒரு சக ஊழியரை ஆபீசில் எல்லோரும் "நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றுக்கும் ஆகாதவராக ஆக்கிவிட்டதைப் பார்த்தவர் அவர். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது, "அதுக்கு அவன வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம்" என்று ஆத்திரப்பட்டார். தனக்கு அது நடக்க விடமாட்டார்.

புஷ்பத்துக்கு எப்படித் தெரியவந்தது என்றால், ஒரு காலையில் பேப்பர் போடுகிறவர் வரவில்லை. முந்தின நாள் பேப்பர் அதே நாற்காலியில் மடித்துக் கிடந்தது. வேதசிரோமணி அதை எடுத்து விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, காபி ஆறும்வரை படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பழைய பேப்பர் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. புஷ்பம் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டுப்பார்த்தாள். "கண்ணு எப்படிங்க இருக்கு?" என்றுதான் கேட்டாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏன், என்ன கொறஞ்சுபோச்சு எனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தவர், அன்று இரவும் மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அவராகச் சொல்லுகிற அன்றைக்குச் சொல்லட்டும், அதுவரை எனக்கும் தெரியாது என்று இருந்துவிட்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். அதிலும் ஒருவருக்கு, மற்றவருக்குத் தெரியும் என்பதே தெரியாது.

அந்த வேலையைப் புஷ்பம் திட்டிக்கொண்டே செய்தாள். முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் கத்திப் பழகிய தொண்டை. காலையில் பேப்பர் வந்ததும், "பாருங்க என்ன அநியாயம்னு. தண்ணி லாரிக்கு மறுபடி ரேட் ஏத்திட்டானாம்" என்று முதல் பக்கத்தை முழுக்கத் திட்டியே படித்துக்காட்டிவிடுவாள். "வாசல்ல எவன் இப்படிக் குறுக்கால வண்டிய நிறுத்துறது?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினால், அவர் கேட்டைத் திறந்து வலப்பக்கமாக ஒதுங்கிப் போவார். சர்ச்சுக்குப் போகும்போது அரையடி முன்னால் நடப்பாள். தரையில் அடித்துச் சத்தம் கொடுக்கிற செருப்பாகப் பார்த்து வாங்கியிருந்தாள். பார்த்தவர்கள் வாயாடி என்று நினைத்தார்கள். வேதசிரோமணியும் அப்படித்தான் நினைத்தார். "வயசாக ஆக உனக்கு வாய் நீளுது" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். புஷ்பம் அதை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் மட்டும் அவருக்கு யாருடைய சத்தமும் தேவைப்படவில்லை. அந்த வீட்டின் பிளானை வரைந்தவரே அவர்தான். வாசலில் நுழைந்ததும் இடது கை ஷோகேஸ் விளிம்பில் படும். ஷோகேஸ் முடிகிற இடத்தில் ஜன்னல், அதன் கீழே நாற்காலி. எதிரே அடுப்படிச் சுவர். அதைத் தொட்டுக்கொண்டே போனால் சாப்பாட்டு மேஜை. யாராவது விருந்தாளி வந்தால் எழுந்துபோய் அவரே தண்ணீர் எடுத்துவந்து கொடுப்பார். பார்க்கிறவர்களுக்கு ஒரு துளி சந்தேகம் வராது. அந்தச் சுவர்கள் இருக்கிற வரைக்கும் அவர் முழு மனுஷன். இப்போது அந்தச் சுவர்களின் மேல்தான் மருமகளின் கை விழுந்திருந்தது.

அதனால்தான் புஷ்பம் அறைக்கு அறை மல்லுக்கு நின்றாள். எல் வடிவ சோபா என்றால் இடுப்பு வலிக்கும் என்றாள். குளியலறையில் ஈரப் பகுதி, உலர்ந்த பகுதி என்று கண்ணாடி வைத்துப் பிரிக்கலாம் என்றால், கண்ணாடி துடைக்க நான் ஆள் இல்லை என்றாள். கைப்பிடியே இல்லாமல் அழுத்தினால் திறக்கும் அலமாரி என்றால், அதெல்லாம் திருடன் வீட்டுக்கு என்றாள். ஈவ்லின் பொறுமைசாலி. ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரி, வேறு நிறம், வேறு யோசனை என்று எடுத்துக் காட்டினாள். கடைசியில் அவள் கண் கலங்கிவிட்டது. பாவம், அந்தப் பெண் நல்ல மனசோடுதான் வந்தாள். புஷ்பத்துக்கு அவளை அணைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"சரிம்மா, விடு. பெயிண்ட் மட்டும் அடிச்சுக்கலாம்" என்று ஜாய்சன் முடித்துவைத்தான். அவன் விட்டுக்கொடுத்த வேகத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? புஷ்பத்துக்கு நிம்மதிதான் வந்தது.

அப்போது பார்த்து, திருச்செந்தூர்ப் பக்கம் நாசரேத்தில் இருக்கும் தங்கை ரத்தினத்துக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் என்று ஆயிற்று. பார்த்துக்கொள்ள வேறு நாதி கிடையாது. கணவரைத் தனியாக விட்டுப்போக முடியாததால் அவரையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள். "நீங்க நிம்மதியா இருந்துட்டு வாங்க. நாங்க பெயிண்டர விட்டு வேலைய முடிச்சு வைக்கறோம்" என்று ஜாய்சன் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து வழியனுப்பினான்.

நாசரேத்தில் வேதசிரோமணி இளைத்துப்போனார். அங்கே எந்தச் சுவரும் அவருக்குப் பழக்கமில்லை. முதல் நாளே நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, "வாசல் உயரம் பத்தாது, எவன் கட்டினான்" என்று சமாளித்தார். அதன் பிறகு கட்டிலை விட்டு அதிகம் இறங்கவே இல்லை. பயண அலுப்பு என்றார், வெயில் என்றார், வயிறு சரியில்லை என்றார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கட்டில்தான் அவருக்கு உலகம். ரத்தினம்கூட, "அத்தான் என்னக்கா, நான் நடக்கறதவிடக் கம்மியா நடக்கறாங்க" என்று கேட்டுவிட்டாள். சாயங்காலமானால் அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "நம்ம வீட்டுக்கு எப்பப் போறோம்?" சின்னப் பிள்ளை போலக் கேட்பார். இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று சொல்லிச் சொல்லி புஷ்பம் ஒருவழியாகத் திருச்செந்தூர் ரயிலில் ஏற்றி, விடிந்ததும் தாம்பரத்தில் இறக்கினாள்.

தாம்பரம் காற்று பட்டதுமே மனுஷனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஆட்டோவில் வரும்போது கேம்ப் ரோடு சந்திப்பின் ஹாரன் சத்தத்தை வைத்தே, "இங்க லெஃப்ட்ல திரும்புப்பா" என்று டிரைவருக்கு வழி சொன்னார். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டின் கொக்கியை அவரே தள்ளினார். புஷ்பம் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவருவதற்குள் அவர் படியேறிவிட்டார். வீட்டுக்கு ராஜா மாதிரி முன்னால் போனார்.

கதவு திறந்தது. உள்ளே ஈவ்லின் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். மாமனார் மாமியாரின் முகம் முதல்முதலாக வீட்டைப் பார்க்கும்போது எப்படி மாறுகிறது என்பதைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஜாய்சன், சிரிப்பை அடக்க முடியாமல். "சர்ப்ரைஸ்" என்றான்.

புஷ்பம் கணவரின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். ஷோகேஸ் இல்லை. நாற்காலி இல்லை. அடுப்படிச் சுவரைக் காணோம். அந்த இடம் முழுக்க ஒரே வெளி, மாவு நிறத்தில் புதுத் தரை, மேலே மறைவாக விளக்கு. நடுவில் கால் தெரியாத கண்ணாடி மேஜை. அதைத் தாண்டி ஒரு படி உயரத்தில் சாப்பாட்டு இடம். அதன் ஓரத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு கண்ணாடித் தடுப்பு, இருக்கிறதே தெரியாத அளவுக்குச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. சொல்லப்போனால் அழகாகத்தான் இருந்தது. வேறு யாருடைய வீடாக இருந்தாலும் அவளே வாயாரப் பாராட்டியிருப்பாள்.

வேதசிரோமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு எட்டு வைத்தார். இடது கை பழக்கத்தில் ஷோகேஸைத் தேடிப் போயிற்று. காற்றில் நின்றது. அவர் முகத்தில் பரவிய பயத்தைப் பின்னால் இருந்தபடியே அவள் அவருடைய கழுத்தில் பார்த்தாள். இன்னொரு எட்டில் கண்ணாடி மேஜை. கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன கண்றாவி இது?" என்றாள் புஷ்பம்.

ஜாய்சனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ள வந்ததும் வராததுமா நடுவீட்ல முட்டி உயரத்துக்கு ஒரு கண்ணாடி மேஜை. மனுஷன் நேரா நடக்க முடியுமா? வலது பக்கமாச் சுத்திக்கிட்டுதான் போகணும் போல."

வேதசிரோமணி நின்றார். பிறகு மெதுவாக வலது பக்கம் ஒதுங்கி நடந்தார்.

"அம்மா, முழுசாப் பாத்துட்டுச் சொல்லு" என்றான் ஜாய்சன்.

"என்னத்தப் பாக்கறது? இருந்த ஷோகேஸத் தூக்கிப் போட்டாச்சு. நாற்காலியத் தூக்கிப் போட்டாச்சு. இடது கைப் பக்கம் ஜன்னல் வரைக்கும் சோபா, ஊருக்கே பந்தி வைக்கற மாதிரி. அடுப்படிச் சுவரு எங்க? தொட்டுக்கிட்டு நிக்க ஒரு சுவரு கிடையாது இந்த வீட்ல."

ஈவ்லினின் முகம் வெளுத்துவிட்டது. கை மட்டும் கைப்பேசியை இறக்க மறந்து அப்படியே பிடித்திருந்தது. "அத்தை, மாமா ஈசியா நடக்கறதுக்குத்தான் எல்லாத்தையும் எடுத்து ஃப்ரீ ஸ்பேஸ் பண்ணினேன்" என்றாள். புஷ்பம் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் திட்ட முடியாது. அவளுடைய கண் கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த இடத்துல எதுக்கு ஒரு படி? இதோ, கால் வைக்கற இடத்துலயே. ஒரு சாண் உயரம். சோறு திங்கப் போறவன் மலை ஏறணுமா?"

அவர் காலை ஒரு சாண் உயரம் தூக்கினார். படியில் சரியாக வைத்தார்.

"ஏறின உடனே பக்கத்துல கண்ணாடி வேற. மூஞ்சில இடிச்சாத்தான் இருக்கறது தெரியும். கைய நீட்டிப் பாத்துதான் வரணும் இனிமே."

நீட்டப்போன கை பாதியில் நின்றது. வேதசிரோமணி அந்தப் படியின் மேல் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக அசையாமல் நின்றுவிட்டார். அவர் தலை சற்றே அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. இத்தனை காலம் அவள் திட்டியதெல்லாம், தண்ணி லாரி, குறுக்கே நின்ற வண்டி, செருப்புச் சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் போய்ச் சேர்வதை அவள் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. பிடிபட்டவளைப் போல அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மௌனத்தில்தான் ஜாய்சன் வெடித்தான்.

"போதும்மா. ஒரு நல்ல வார்த்தை உன் வாயில வராதா? ஒன்றரை மாசமா இவ தூங்கல. பெங்களூர்ல இருக்கற கிளையண்ட் வேலையெல்லாம் விட்டுட்டு வந்து, தூசில நின்னு, ஒவ்வொரு டைலும் அவளே பொறுக்கி எடுத்தா. எதுக்கு? உங்களுக்காக. ஒரு நிமிஷம் நின்னு பாத்தியா நீ? வாசப்படியிலேர்ந்தே ஆரம்பிச்சாச்சு. அப்பாவப் பாரு, ஒரு வார்த்தை சொல்றாரா? அவர்கிட்டேர்ந்து கத்துக்கோ."

புஷ்பம் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"நாங்க இங்க வரணும்னு நெனச்சதே தப்பு. இப்பவே இப்படின்னா, நாளைக்கு ஒரே வீட்ல இருந்து இவ தினம் அழணுமா? நான் தனியா வேற வீடு பாத்துக்கறேன். நீயும் உன் சுவரும் நிம்மதியா இருங்க."

அந்த வார்த்தை அவளுக்கு எங்கே பட்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுடைய அறைக் கட்டிலில் தினமும் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தவள் அவள். இருந்தாலும் நின்ற இடத்தில் நின்றாள். போகட்டும். வாயாடி, வீட்டுக்கு வந்தவளை வாழவிடாத மாமியார் என்று ஊர் சொல்லட்டும். பிள்ளை வேறு வீடு பார்த்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலாவது பார்த்துக்கொள்ளலாம். "ஆமா. பாத்துக்கோ" என்று சொல்லவே அவள் வாயெடுத்தாள்.

"ஜாய்சா" என்றார் வேதசிரோமணி.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் படியிலிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். முகம் மகன் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

"அம்மாவ ஒண்ணும் சொல்லாத. அவ உங்களத் திட்டல."

"வேற என்னப்பா பண்ணிட்டு இருந்தாங்க?"

"எனக்கு வழி சொல்லிட்டு இருந்தா."

ஜாய்சனுக்குப் புரியவில்லை. ஈவ்லினுக்கு முதலில் புரிந்தது. அவள் மாமனாரின் கண்களைப் பார்த்தாள். அவை எதைப் பார்க்கின்றன என்று அவற்றின் போக்கிலேயே திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். கைப்பேசியை இறக்கி, படம் எடுப்பதை நிறுத்தினாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா" என்றார் வேதசிரோமணி. கம்பெனியில் ஒரு பிளானின் தவறைச் சுட்டிக்காட்டுகிறவர் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். "கொஞ்ச நாளாவே தெரியாது. யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டயும் சொல்லல."

ஜாய்சன் கிட்டே வந்தான். அப்பாவின் முகத்துக்கு முன்னால் கையைக் கொண்டுபோனான். ஆட்டிப்பார்க்க மனசு வராமல் கையை எடுத்துவிட்டான். அவன் அப்படியே அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். ஈவ்லின் அந்தப் புதுப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு ஆணியக்கூட..." என்றவள் முடிக்கவில்லை.

"உன் மேல தப்பில்லம்மா. வீடு நல்லா இருக்கும். நீ செஞ்சது நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். அவள் இருந்த உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தாமல் அந்தரத்தைப் பார்த்துச் சொன்னார். இனிமேல் சரியாகப் பார்ப்பது போல் காட்டிக்கொள்ள அவருக்கு அவசியமில்லை. பிறகு கேட்டார்: "புஷ்பம், உனக்கு எப்பத் தெரியும்?"

"அது எதுக்கு இப்ப" என்றாள் அவள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. அவருக்கும் தெரியப்போவதில்லை.

வேதசிரோமணி கொஞ்ச நேரம் அந்த வெட்டவெளியில் தனியாக நின்றார். ஒரு பக்கமும் தொடுவதற்கு எதுவும் இல்லை. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவளைத் தொட்டுப் பேசியே அறியாத மனுஷன், மகனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, கையை முன்னால் நீட்டினார்.

"பிடிச்சுக்க. மிச்ச வீட்டையும் காட்டு."

புஷ்பம் போய் அந்தக் கையைப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது. சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, தடுப்பு இருக்கிற இடம், மேஜையின் மூலை, புதுக் கதவு திறக்கிற பக்கம். திட்டாமல் அதையெல்லாம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் பொறுமையாக நின்றார்.

"இங்க ஒரு படி இருக்குங்க" என்றாள் கடைசியில், தாழ்ந்த குரலில். "கால எடுத்து வைங்க."